கொடியும் புள்ளியும் கோலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அரூரில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சங்கப் பாடலும் காப்பியமும் புதுக்கவிதையும் முழங்கிய இம்மேடையில், கணிப்பொறி விளையாட்டில் உருவங்கள் வரையப்படும் முறையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னபோது, அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், 'அம்மா, தமிழ் வருமல்லவா?' என்று மட்டும் கேட்டார். வரும் என்று வாக்களித்திருக்கிறேன். அந்த வாக்கைக் காப்பாற்ற முயல்கிறேன்.

இத்தலைப்பை நானாகத் தேடிச் செல்லவில்லை. என் வகுப்பில் பகுதி ஒன்று தமிழ் பயிலும் கணிப்பொறித் துறை மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒருநாள் மாலை ஆசிரியர் அறைக்கு வந்தார். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் தமிழ் வழியில் படித்து வந்தவர். பொங்கலையொட்டி நம் பகுதியில் நடக்கும் எருதுவிடும் விழாவை ஒரு சிறு விளையாட்டாக எழுதிக்கொண்டிருந்தார். பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியிலும், விளையாட்டு எழுதுவோருக்கென அதனோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் பைகேம் என்னும் கருவித் தொகுதியிலும் அதனை எழுதினார். திரையின் ஒரு புறத்திலிருந்து காளை ஓடிவர வேண்டும். மறுபுறத் தடுப்பில் முட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அவருடைய காளை தடுப்பில் முட்டியதும் சில வேளை சரியாகத் திரும்பியது. சில வேளை நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாக ஓடியது. சில வேளை காணாமலே போயிற்று.

'கொடி என்று போட்டிருக்கிறது அம்மா, அகராதியில். எந்தக் கொடி என்று தெரியவில்லை. இங்கிலீஷில் படித்தாலும் புரியவில்லை, தமிழில் படித்தாலும் புரியவில்லை. இந்தப் படிப்பே எனக்கு வராது போலிருக்கிறது, வேறு படிப்புக்கு மாறிவிடலாமா என்று பார்க்கிறேன்' என்றார். ஆங்கிலத்தில் 'ஃபிளாக்' என்பதற்குக் கலைச்சொல் பட்டியல் கொடி என்று தந்திருந்தது. சொல்லில் பிழையில்லை. சொல்லைத் தந்தவர்கள் பொருளைத் தராமல் போனதுதான் குறை. கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் நாம் செய்துவரும் பணியில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது என்பதை இந்த அவையில் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அப்பணியில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

முதலில் அந்தக் கொடி யாது என்று பார்ப்போம்.

கணிப்பொறியின் நினைவகத்தில் மிகச் சிறிய இடம் பிட் எனப்படுகிறது. அதில் ஒன்று அல்லது சுழியம், இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். எண்ணாகப் படித்தால் ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எழுதலாம். ஆனால் அதனை எண்ணாகப் படிக்காமல், வரிசையாக நிற்கும் எட்டுக் கம்பங்களாகவும் கொள்ளலாம். ஒவ்வொரு கம்பத்திலும் கொடி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதே செய்தி. எட்டுக் கம்பங்கள் இருந்தால் எட்டு 'உண்டு, இல்லை' விடைகளை ஒரே எண்ணுக்குள் வைத்துவிடலாம். கொடி என்ற சொல் வந்த வழி இதுதான்.

அது எப்படி ஒரே எண்ணுக்குள் அடங்கும் என்று மாணவர் கேட்டார். ஈண்டு எனக்குக் கைகொடுத்தது எந்தக் கணித நூலும் அன்று. என் பாட்டி வீட்டு முகத்தலளவைகள். மூத்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. ஆழாக்கை ஒன்று என்று வைத்துக்கொண்டால் உழக்கு இரண்டு, உரி நான்கு, நாழி எட்டு. இந்த நான்கு அளவைகளில் ஒவ்வொன்றையும் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாமல், ஓர் ஆழாக்கு முதல் பதினைந்து ஆழாக்கு வரை எந்த அளவையும் அளந்துவிடலாம். அதைவிட முக்கியம், ஒவ்வோர் அளவுக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு என்பது. ஐந்து ஆழாக்கு அரிசி வேண்டுமென்றால் உரியும் ஆழாக்கும்தான். வேறு சேர்க்கை கிடையாது. ஆகவே 'ஐந்து' என்று சொன்ன மாத்திரத்தில், உரி எடுக்கப்பட்டது, ஆழாக்கு எடுக்கப்பட்டது, உழக்கும் நாழியும் எடுக்கப்படவில்லை என்னும் நான்கு செய்திகளும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. பிட்டுகளின் மதிப்பும் இப்படியே 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என இரட்டித்துச் செல்கிறது.

விளையாட்டுகளில் நகரும் சிற்றுருவத்தை ஸ்பிரைட் என்பர். பின்னணிக் காட்சியினின்று பிரிந்து, தனக்கென இடமும் இயக்கமும் கொண்டு மிதக்கும் படம் அது. ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் கருவியை இங்குள்ள இளைஞர்கள் பெயரால் அறியாவிட்டாலும் பழக்கத்தால் அறிவர். தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, மஞ்சள் நிறக் கேசட்டுகளைச் செருகி நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடிய வீடியோ கேம் கருவிகளில் மிகப் பல அதன் நகல்களே. அக்கருவியின் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. நான் பேசும் இவ்வுரையை அதில் வைக்க இடம் போதாது. திரையில் ஒரே நேரத்தில் 64 ஸ்பிரைட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கே பைட்டுகள். ஆக 256 பைட்டுகள். அந்த நான்கில் ஒன்று மேலிருந்து எவ்வளவு தொலைவு, ஒன்று இடப்புறமிருந்து எவ்வளவு தொலைவு, ஒன்று எந்தப் படம் என்பதைச் சொல்லும். எஞ்சிய ஒற்றை பைட்தான் கொடிகள் ஏறும் இடம்.

அதன் அமைப்பை ஒருமுறை பாருங்கள். அடியிலுள்ள இரண்டு பிட்டுகள் சேர்ந்து நான்கு வண்ணத் தொகுதிகளுள் எது என்பதைச் சொல்லும். அடுத்த மூன்று பிட்டுகளுக்கு வேலையில்லை. 32 மதிப்புள்ள பிட் ஏறியிருந்தால், உருவம் பின்னணிக் காட்சிக்குப் பின்னே மறைந்து நிற்கும். 64 ஏறியிருந்தால் இடம் வலமாகத் திரும்பும். 128 ஏறியிருந்தால் தலைகீழாகும். 96 என்று எழுதினால், 64உம் 32உம் ஏறியிருக்கின்றன. உருவம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னணிக்குப் பின்னே செல்கிறது என்று பொருள். வலப்புறம் நோக்கும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்; இடப்புறம் நோக்குவதற்கு இன்னொரு படம் வேண்டியதில்லை. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் காளான்போல் தோன்றும் சிறு பகைவன் தத்தித் தத்தி நடப்பது, ஒரே படத்தை இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் திருப்பியதால் தோன்றும் மாயமே. அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. வறுமையில் செம்மை என்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்று அந்த நெருக்கடி இல்லை. ஒரே ஒரு காளைக்கு நான்கு தனித்தனி மாறிகளை வைத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. எனினும் கொடி முறை வழக்கொழியவில்லை. ஓர் உருவத்தின் முழு நிலையையும் ஒரே எண்ணாக ஓர் ஆணைக்குள் அனுப்பலாம், ஒரே எண்ணாகக் கோப்பில் சேமிக்கலாம், பல நிலைகளை ஒரே ஒப்பீட்டில் சோதிக்கலாம் என்பதால் விளையாட்டு எழுதுவோர் இன்றும் அதனைக் கைக்கொள்கின்றனர்.

இனி மாணவரின் காளைக்கு வருவோம். அவர் நான்கு கொடிகளை வைத்திருந்தார். 1 என்றால் திரும்பியது. 2 என்றால் தலைகீழ், அது காளை ஒருவரை முட்டி உருண்டு விழும் காட்சிக்காக. 4 என்றால் மறைந்தது. 8 என்றால் கூட்டத்திற்குப் பின்னால். வலத் தடுப்பில் முட்டினால் நிலையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், இடத் தடுப்பில் முட்டினால் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பார்வைக்குச் சரிதான். நிலை சுழியமாக இருந்து ஒன்றைக் கூட்டினால் ஒன்று, காளை திரும்பிவிடும். ஆனால் திரையில் காட்சி நொடிக்குப் பலமுறை புதிதாக வரையப்படுகிறது. காளை தடுப்பைத் தொட்டுக்கொண்டே இரண்டு காட்சிகள் நின்றுவிட்டால், கூட்டல் இருமுறை நடந்துவிடும். ஒன்றும் ஒன்றும் இரண்டு. திரும்பியது என்னும் கொடி இறங்கிவிட்டது. தலைகீழ் என்னும் கொடி ஏறிவிட்டது. மூன்று காட்சிகள் நின்றால் இரண்டு கொடிகளும் ஏறும். நான்கு நின்றால் இரண்டும் இறங்கி, மறைந்தது என்னும் கொடி ஏறும், காளை காணாமற்போகும். இரண்டு ஆழாக்கை ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டு உள்ளே ஆழாக்கைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அங்கே இருப்பது உழக்கு.

இதை அளவைகளைக் கொண்டு விளக்கியவுடன் மாணவர் சிரித்துவிட்டார். கூட்டல் என்பது அளப்பவன் செயல். கொடி ஏற்றுவது வேறு செயல். ஏற்கெனவே ஏறிய கொடியை மறுபடியும் ஏற்று என்றால் அது அங்கேயேதான் இருக்கும். பக்கத்துக் கம்பத்துக்குத் தாவாது. அதற்கென ஒரு தனிச் செயல் கணிப்பொறி மொழிகளில் உண்டு. பைத்தானில் அதனை ஒரு நெடுங்கோட்டால் குறிப்பர். இரண்டு எண்களை அடுக்கி வைத்து, ஒவ்வோர் இடத்திலும் மேலேயோ கீழேயோ ஏதேனும் ஒன்றில் கொடி இருந்தாலும் விடையில் கொடி இருக்கும் என்பது அதன் விதி. 'அல்லது' எனலாம். இரண்டிலும் இருந்தால் மட்டுமே விடையில் இருக்கும் என்பது 'மற்றும்'. ஒன்றில் மட்டும் இருந்தால் இருக்கும், இரண்டிலும் இருந்தால் இராது என்பது மூன்றாவது. மாறுபட்டால் மட்டும் உண்டு என்று அதற்குப் பொருள். கொடியை இறக்குவதற்கு, அந்த ஓர் இடத்தை மட்டும் சுழியமாக்கி மற்ற இடங்களிலெல்லாம் ஒன்று வைத்த எண்ணோடு 'மற்றும்' செய்வார்கள்.

இந்த மூன்று செயல்களையும் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான், நான் அன்று காலை வகுப்பில் நடத்திய வெண்டளை என் நினைவுக்கு வந்தது. அது தற்செயல் அன்று என்று இப்போது எண்ணுகிறேன்.

அசை இரண்டே வகை: நேர், நிரை. ஈரசைச்சீர் நான்கு: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசைச்சீர் எட்டு, காய் நான்கு, கனி நான்கு. நாலசைச்சீர் பதினாறு. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துச் செல்வதை நம் மாணவர் மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் இரட்டிக்கிறது என்று கேட்பதில்லை. ஒவ்வோர் அசை இடமும் மற்ற இடங்களைக் கேளாமல் நேராகவோ நிரையாகவோ இருக்கலாம் என்பதுதான் காரணம். ஒரு கம்பம் கூடினால் சேர்க்கைகள் இரட்டிக்கும்.

தளை பார்ப்பது இன்னும் நெருக்கமான செயல். வெண்பாவில் இரு சீர்களுக்கிடையே தளை பார்க்கும்போது முழுச் சீரையும் நாம் பார்ப்பதில்லை. நின்ற சீரின் ஈற்றசையையும் வருஞ்சீரின் முதலசையையும் மட்டும் பார்க்கிறோம். நின்ற சீர் ஈரசையா மூவசையா என்பது தெரிந்தபின் மற்ற அசைகளைக் கையால் மூடிவிடலாம். கணிப்பொறியார் 'மற்றும்' செயலைக்கொண்டு வேண்டாத பிட்டுகளை மூடி வேண்டியதை மட்டும் வெளியே எடுப்பது இதே வேலைதான். அந்த மூடிக்கு முகமூடி என்றே அவர்களும் பெயர் வைத்திருக்கின்றனர். மாவின் முன் நிரை வர வேண்டும், விளத்தின் முன் நேர் வர வேண்டும் என்பது இயற்சீர் வெண்டளை. மா நேரில் முடிகிறது, விளம் நிரையில் முடிகிறது. ஆகவே இரண்டும் மாறுபட வேண்டும் என்பதே விதி. 'மாறுபட்டால் மட்டும் உண்டு' என்னும் மூன்றாவது செயல் அதுவே. காய்முன் நேர் என்னும் வெண்சீர் வெண்டளையில், காய் நேரில் முடிவதால், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வெண்பாவின் இலக்கணத்தை அறிந்த பிள்ளைக்குப் பிட் செயல்கள் மூன்றும் முன்பே தெரியும். தெரியும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தமிழ் யாப்பை அலகிட்டுக் காட்டும் அவலோகிதம் என்னும் மென்பொருளை வினோத் ராஜன் உருவாக்கியிருக்கிறார். அலகிடுதல் பொறிக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதை அதில் காணலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வாறு பேசினால் உடனே கைதட்டல் எழும். 'ஆகவே இரும எண்முறையைக் கண்டவன் தமிழன்' என்று ஒருவர் முடித்துவைப்பார். அப்படி முடிக்க நான் வரவில்லை. வடமொழியில் பிங்கலர் தம் யாப்பு நூலில் குறில் நெடில் வரிசைகளை ஒன்றுவிடாமல் விரித்தெழுதும் முறையைச் சொல்லியிருக்கிறார். இரும எண்களைக் கொண்டு கூட்டலும் பெருக்கலும் செய்யும் கணக்கை லைப்னிட்ஸ் 1703இல் வெளியிட்டார். நம் யாப்பியலார் சீர்களை எண்ணினார்கள். சீர்களைக் கொண்டு எண்ணவில்லை. தேமாவோடு புளிமாவைக் கூட்ட அவர்கள் முயலவில்லை. முயலவேண்டிய தேவையும் இல்லை. ஒற்றுமை இருப்பது கண்டுபிடிப்பில் அன்று, பழக்கத்தில். பழக்கம் கற்பித்தலுக்கு உதவும், பெருமை உதவாது.

புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம். உயிர் இல்லை என்பதைக் காட்ட ஒரு குறி. எழுத்தின் மேல் ஏற்றிய கொடி என்றே கொள்ளலாம். ஆனால் அதே நூலார் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டு என்கிறார். ஆக, ஒரே குறி ககரத்தின் மேல் நின்றால் உயிரில்லை என்றும், எகரத்தின் மேல் நின்றால் குறில் என்றும் பொருள்படும். குறிக்குத் தனியே பொருளில்லை. நிற்கும் இடமே பொருள் தருகிறது. பிட்டும் அப்படித்தான்.

பின்னர் என்ன நேர்ந்தது? ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடவில்லை. ஓலை கிழியும் என்ற அச்சம். பழங்கல்வெட்டுகள் பலவற்றிலும் புள்ளியில்லை. புள்ளி இல்லாத எழுத்தைக் காணும்போது, இங்கே புள்ளி வேண்டாம் என்று எழுதியவன் விட்டானா, வேண்டியிருந்தும் இடாமல் விட்டானா என்று தெரியாது. 'இல்லை' என்பதும் 'குறிக்கவில்லை' என்பதும் ஒரே தோற்றம் கொண்டுவிடுகின்றன. சுவடி பதிப்பித்த அறிஞர்கள் பட்ட பாட்டில் ஒரு பகுதி இந்த ஒரு குழப்பத்தால் வந்தது. மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்று பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டே அவர்கள் துணிய வேண்டியிருந்தது. நமக்கு அண்டையிலுள்ள செங்கம் பகுதியின் நடுகற்களை இரா. நாகசாமி 1972இல் நூலாகப் பதிப்பித்தார். நடுகல் வாசகங்களைப் படித்துப் பார்த்தவர்களுக்கு ஒற்றெழுத்தை ஊகித்தே படிக்க வேண்டிய வருத்தம் தெரியும். கொடி முறையின் உண்மையான குறையும் இதுவே. ஒரு பிட்டில் மூன்று விடைகள் அடங்கா. சுழியத்தைக் கண்டால் 'இல்லை' என்று படிப்பதா, 'இன்னும் யாரும் தொடவில்லை' என்று படிப்பதா? முன்பே முடிவு செய்துகொள்ளாதவன் பின்னால் அலைவான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்தை இந்தக் கண்கொண்டு பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். அதுவரை புள்ளியிருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். அவர் அதனைத் தலைகீழாக்கினார். குறி இல்லாதது குறில். கூடுதல் குறி பெற்றது நெடில். எகரத்தின் காலைக் கீழே இழுத்தால் ஏகாரம். கொம்பின் மேற்புறம் சுழித்தால் நெடிற்கொம்பு. செய்தி அதே ஒரு பிட்தான். எது இயல்பு நிலை என்பது மட்டும் மாறியது. மறந்துபோனால் எந்தப் பிழை நேரும் என்பதும் அதனோடு மாறியது.

மாணவருக்கும் இந்தப் பாடம் தேவைப்பட்டது. மூன்றாவது கொடிக்கு முதலில் அவர் 'தெரிகிறது' என்று பெயர் வைத்திருந்தாராம். புதிதாக உருவாகும் ஒவ்வொரு காளையின் நிலையும் சுழியத்தில் தொடங்கும். சுழியம் என்றால் தெரிகிறது என்னும் கொடி ஏறவில்லை. ஆகவே புதுக் காளைகள் ஒன்றுகூடத் திரையில் தெரியவில்லை. இரண்டு நாள் தவித்தபின் பெயரை 'மறைந்தது' என்று மாற்றியதும் எல்லாம் தெரிந்தன. வீரமாமுனிவர் செய்ததையே நீயும் செய்திருக்கிறாய், தம்பி என்றேன். அவர் நம்பவில்லை.

இவை எல்லாவற்றினும் உருவம் வரைதலுக்கு மிக நெருங்கியது நம் வாசலில் இருக்கிறது. சிக்குக் கோலம், நெளிக்கோலம், கம்பிக் கோலம் என்று ஊருக்கொரு பெயர். புள்ளிகளை வரிசையாக இட்டு, கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிச் செல்லும் கோலத்தைச் சொல்கிறேன். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் எழுபதுகளில் கோலங்களைப் படங்களால் ஆன மொழியாகக் கொண்டு அவற்றுக்குக் கணிப்பொறி முறையில் இலக்கணம் வகுத்தனர். அதுபற்றிய அவர்களின் கட்டுரை 1974இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. தமிழ்ப் பெண்களின் கைவேலை கணிப்பொறி அறிவியலின் ஆய்வுப்பொருளானதை நம் இலக்கிய மேடைகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், வலம், கீழ், இடம் என நான்கு அண்டைப் புள்ளிகள். ஒவ்வோர் அண்டையோடும் இரண்டே உறவு. ஒன்று, இரு புள்ளிகளுக்கும் இடையே கோடுகள் குறுக்கிட்டு அப்புறம் செல்லும். மற்றொன்று, குறுக்கிடாமல் வளைந்து திரும்பிவிடும். நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பிட். மேல் 1, வலம் 2, கீழ் 4, இடம் 8 என்று வைத்தால், ஒரு புள்ளியைச் சுற்றிய கோட்டின் வடிவம் முழுவதும் 0 முதல் 15 வரையுள்ள ஓர் எண்ணாகிவிடும். எந்தப் பக்கமும் சேரவில்லை என்றால், அதாவது 0, புள்ளியைச் சுற்றி வெறும் வட்டம். ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தால் நீர்த்துளி. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு சேர்ந்தால் கண். அடுத்தடுத்த பக்கங்கள் சேர்ந்தால் இரு கூர்கள் அருகருகே அமைந்த வடிவம். மூன்று சேர்ந்தால் விசிறி. நான்கும் சேர்ந்தால், அதாவது 15, நாற்புறமும் கூர்மை கொண்ட சதுரம். பதினாறு எண்கள் இருந்தாலும் வடிவங்கள் ஆறே; மற்றவை இவற்றைச் சுழற்றினால் வருவன. மேல்நோக்கிய நீர்த்துளி 1, அதனை வலப்புறம் கால்வட்டம் சுழற்றினால் 2, இன்னும் சுழற்றினால் 4, பிறகு 8, பிறகு மீண்டும் 1. ஒருமுறை சுழற்றுவது என்பது இரட்டித்தல். உச்சியைத் தாண்டும் பிட் அடிக்கு வந்துவிடும். ஆறு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, புள்ளிக்கு ஓர் எண் கொடுத்தால், கணிப்பொறி வாசல் முழுவதும் கோலமிட்டுவிடும்.

இங்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு புள்ளியின் வலக்கொடி ஏறியிருந்தால், அதன் வலப்பக்கத்துப் புள்ளியின் இடக்கொடியும் ஏறியிருந்தாக வேண்டும். நின்ற சீரின் ஈறும் வருஞ்சீரின் முதலும் போல. இல்லையென்றால் கோடு அறுந்து நிற்கும். மூன்று வரிசை, மூன்று புள்ளி கொண்ட சிறு கோலத்தில் அண்டைப் புள்ளிகளுக்கிடையே பன்னிரண்டு இடைவெளிகள். ஒவ்வொன்றும் சேரலாம், சேராமலிருக்கலாம். ஆக, ஒன்பதே புள்ளிகளில் 4096 கோலங்கள். எல்லாமே ஒரே இழையில் முடிவன அல்ல. எல்லாமே கண்ணுக்கு அழகாக இருப்பனவும் அல்ல. எவை அழகு என்பதை எண் சொல்லாது. அதனை விடியலில் தண்ணீர் தெளித்து நிற்கும் கைகளிடமே விட்டுவிடலாம்.

பைத்தான் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது முதல், அதில் மாறிகளுக்குத் தமிழெழுத்திலேயே பெயர் வைக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியிலோ ஆணைச் சொற்களே தமிழில் இருக்கின்றன. ஆகவே எழுத்து ஒரு தடையில்லை. தடை இருப்பது விளக்கத்தில். யாப்பியலார் ஈரசைச்சீருக்குப் பெயர் வைத்ததைப் பாருங்கள். தேமா என்ற பெயரை அலகிட்டால் நேர் நேர். கருவிளம் என்ற பெயரை அலகிட்டால் நிரை நிரை. பெயரே தனக்கு எடுத்துக்காட்டாகி நிற்கிறது. அப்படிப்பட்ட கலைச்சொற்களைக் கணிப்பொறித் துறைக்கு நாம் இன்னும் படைக்கவில்லை. 'கொடி' என்பதை நான் மாற்றச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் நான்கு வரி விளக்கமும், ஆழாக்கு உழக்குக் கணக்கும் இருந்திருந்தால் ஒரு மாணவர் படிப்பை விட்டுவிடலாமா என்று எண்ணியிருக்க மாட்டார். இந்த வட்டம் வரும் ஆண்டில் ஒரு விளக்கச் சுவடி கொண்டுவருவதானால், கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும் என்னையும் சேர்த்து அமர்த்துங்கள், எழுதித் தருகிறோம்.

அன்று மாலை அவர் தம் நிரலில் இரண்டே வரிகளை மாற்றினார். 'நிலை = நிலை + திரும்பியது' என்றிருந்ததில் கூட்டற்குறியை எடுத்துவிட்டு நெடுங்கோடு போட்டார். கழித்தல் இருந்த வரியில் 'மற்றும்' குறியும், திரும்பியது என்பதை மட்டும் மூடும் முகமூடியும் வந்தன. காளை தடுப்பில் முட்டியது, ஒருகணம் அங்கேயே நின்றது, திரும்பியது, ஓடியது. எத்தனை முறை முட்டியும் தலைகீழாகவில்லை. மாணவர் கணிப்பொறிப் படிப்பிலேயே இருக்கிறார். கூட்டத்திற்குப் பின்னால் காளை போகவேண்டிய எட்டாம் எண் கொடி மட்டும் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று சென்ற வாரம் வந்து சொன்னார். பார்க்க வேண்டும்.